மாதிரியும் மொத்தமும்

அத்தியாயம் பதினான்கு

"நாப்பத்திமூணு" என்றார் டாக்டர்.

அளவர் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எந்த நாற்காலியிலும் சாய்ந்ததில்லை. முப்பத்தெட்டு வருஷம் பிறர் நிலத்தை அளந்து எல்லைக்கல் நட்டவர். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் உறவும் ஊரும் அவரை அளவர் என்றேதான் கூப்பிட்டன.

"கிட்னி வடிகட்டற வேகம் எண்பதுக்கு மேல இருந்தாத்தான் ஒண்ணை எடுக்க முடியும் சார். உங்களுக்கு ரெண்டும் சேர்ந்தே நாப்பத்திமூணுக்குத்தான் வேலை செய்யுது. இதுல ஒண்ணை எடுத்தா, உங்க தங்கச்சி படுக்கைக்குப் பக்கத்துல உங்களுக்கும் ஒரு படுக்கை போட வேண்டியதுதான்."

"இது இயந்திரக் கோளாறா இருக்காதா?"

டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய அந்த அம்மாளுக்குத் தேவைக்கு மேல் பேசும் பழக்கம் கிடையாது.

தங்கை வீட்டுக் கூடத்தில் அளவர் எழுந்து நின்று சொன்ன சொல்லை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தங்கையின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு ஒன்றரை வருஷமாகிறது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கையை டயாலிசிஸ் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். கணவரின் ரத்தம் அவளுக்கு ஒத்துவரவில்லை. இரண்டு குடும்பத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, "நான் குடுக்கறேன். இதுல பேச ஒண்ணும் இல்ல" என்று முடித்துவிட்டார் அளவர்.

தங்கை கணவரின் அண்ணன் மட்டும் சிரித்தார். அவர் ஒரு காலத்தில் ஓவர்சியர். "சொல்றது சுலபம். கத்தி பக்கத்துல வரும்போது பாக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதமாக அளவரின் உடம்பை ஒவ்வொரு அறையிலும் அளந்தார்கள். பதினொரு குழாய்களில் ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஈரத்தைத் தடவிக் கவ்விகளை மாட்டி இதயத்தின் கிறுக்கலைக் காகிதத்தில் வாங்கினார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, குளிர்ந்த களிம்பைப் பூசி, கருவியை வைத்து அழுத்தி அழுத்தி ஸ்கேன் பார்த்தார்கள். ஓடும் பட்டையில் ஏற்றி நடக்கவிட்டார்கள். பந்தயத்தில் ஜெயித்தவர் போல ஒவ்வொரு அறையிலிருந்தும் வெளியே வந்தார்.

கடைசியில், சிறுநீர் பிடித்துவரக் கொடுத்தது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கேன். அதுதான் அவரைக் கவிழ்த்துவிட்டது.

"தங்கச்சிகிட்ட நானே சொல்றேன்" என்று எழுந்தார்.

தாழ்வாரத்து நாற்காலியில் ஓவர்சியர் காலாட்டிக்கொண்டிருந்தார். தம்பி மனைவியை டயாலிசிஸுக்குக் காரில் கொண்டுவந்து விடுவது அவர்தான். அதையும் சொல்லியாக வேண்டும்.

"என்ன அளவரே, முகம் சுண்டிப் போச்சு?"

அளவர் அவரைக் கடந்து போகப் பார்த்தார்.

"ஓ. ரிப்போர்ட் கைகொடுத்துடுச்சா? நல்லதுதான். நீங்களும் சொன்ன சொல் தவறல, உடம்புலயும் கத்தி படல. இப்படி ஒரு ராசி எல்லாருக்கும் வாய்க்காது."

இருபது வருஷத்துக்கு முன்பு ஓவர்சியர் வீட்டு மதில் சாலைக்குள் இரண்டடி வந்திருக்கிறது என்று அளந்து எழுதி, அதை இடிக்க வைத்தவர் இதே அளவர். உறவு என்றும் பார்க்கவில்லை. அந்த இரண்டடியை ஓவர்சியர் இன்னும் மறக்கவில்லை.

அளவருக்குக் காது மடல் சுட்டது. தங்கையின் உயிர் ஒரு பக்கம். குடும்பத்தின் சொல் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே எண்ணில் சரிந்து கிடந்தன.

"மாமா."

ரத்தம் எடுக்கும் அறையின் வாசலில் மருமகள் நின்றிருந்தாள். வெள்ளைக் கோட்டு, நீலக் கையுறை. இதே ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன் அவள்.

"உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க."

உள்ளே போனார். ரத்தம் கொடுப்பவர்கள் உட்காரும் நாற்காலி மட்டும்தான் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் மாமா. கோவப்படக் கூடாது."

"கோவப்படற மாதிரி கேட்டா கோவப்படத்தான் வேணும்."

"அன்னிக்குக் கேன்ல எல்லாத்தையும் பிடிச்சீங்களா?"

அளவர் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளைப் படிக்கத் தொடங்கினார்.

"மாமா."

"இதெல்லாம் மருமக கேக்கற கேள்வியாம்மா?"

"வீட்டுலதான் மருமக. இந்தக் கதவுக்குள்ள நான் டெக்னீஷியன். தினம் அம்பது பேரையாவது இப்படி ஏதாவது கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். யாரும் தீயணைப்பு விதியைப் படிச்சதில்ல."

அவர் திரும்பினார். மருமகள் ஒரு தாளை மேஜையில் விரித்தாள்.

"உடம்புல இருக்கற சதை தினமும் கிரியாட்டினின்னு ஒரு கழிவை உண்டாக்கும். ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரே அளவு. கிட்னி அதை வடிகட்டி வெளிய அனுப்பும். உங்க எடைக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் மில்லிகிராமாவது வரணும். கேன்ல இருந்தது ஐநூத்தி அறுபது. சரி, கிட்னி பழுது, வெளிய அனுப்பலைன்னு வச்சுக்குவோம். அப்ப அது ரத்தத்துல தேங்கி நிக்கணும். ஆனா உங்க ரத்தம் சுத்தமா இருக்கு. ரத்தம் ஒண்ணு சொல்லுது, கேன் ஒண்ணு சொல்லுது." அவரை நேராகப் பார்த்தாள். "ஒரு மனையை ரெண்டு பக்கத்துல இருந்து அளந்து ரெண்டும் ஒத்துப்போகலைன்னா நீங்க என்ன சொல்லுவீங்க?"

"அளவுச் சங்கிலியை எவனோ தப்பாப் பிடிச்சிருக்கான்னு சொல்லுவேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று புரிந்தது.



"அன்னிக்கு உங்கப்பா வந்திருந்தார்" என்றார்.

"ஆமா."

"கேனை ஐஸ் வாளியில என் ரூம்ல வச்சிருந்தேன். பாத்ரூம் கூடத்துக்கு அந்தப் பக்கம். சம்பந்தி கூடத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கார். அவர் முன்னாடி அதைத் தூக்கிக்கிட்டு நான் ஊர்வலம் போறதா?"

"அதனால?"

"கேன் இல்லாம போனேன்."

"எத்தனை தடவை?"

"பகல்ல மூணு. ராத்திரி ஒண்ணு."

"ராத்திரி அப்பா தூங்கிட்டாரே."

"கூடத்துலதானே தூங்கினார். முழிச்சுக்கிட்டா?"

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதுவும் இல்லாம, கடைசியில அதை வாங்கி அளக்கப் போறது நீ. நிறைய நிறைய கொண்டுவந்து உன் கையில குடுக்கறது மரியாதையா? அளவா இருக்கட்டும்னு நினைச்சேன்." சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்தார். எந்தச் சீட்டையும் தூக்கிப் போடாதவர். "இங்க பாரு. 'இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர் மாதிரி.' மாதிரின்னா என்ன? கொஞ்சம். மண் மாதிரி கேட்டா ஒரு பிடி மண்ணைக் குடுக்கறோமா, வயலையே அள்ளிக்கிட்டு வர்றோமா?"

"இது மாதிரி இல்ல மாமா. மொத்தம். ஒரு சொட்டு விடக் கூடாது. நான் வாயாலயும் சொன்னேனே."

"சொன்னே. நீ இதைப் பேச ஆரம்பிச்சதும் நான் காதை மூடிக்கிட்டேன்."

அவள் தாளை மடித்தாள். குரலைத் தணித்தாள்.

"சரி. டாக்டர்கிட்ட நான் பேசறேன். லேப்ல சரியாச் சொல்லித் தரல, அதனால குறைஞ்சு போச்சுன்னு சொல்லிடறேன். மறுபடி எடுக்கச் சொல்லிடுவாங்க. வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்."

அளவர் எழுந்தார். முதுகு நிமிர்ந்தது.

"நீ சரியாத்தான் சொன்னே. என் வெக்கத்தை மூடறதுக்கு உன் வேலை மேல குறை விழணுமா? அப்படி ஒரு வழக்கம் நம்ம வீட்டுல கிடையாது."

"மாமா, வெளிய ஓவர்சியர் உக்காந்திருக்கார்."

"உக்காந்திருக்கட்டும்."

டாக்டர் அப்போதுதான் தாழ்வாரத்தில் இரண்டு நர்ஸுகளோடு வந்துகொண்டிருந்தார். அளவர் வழியில் போய் நின்றார். நிலத் தகராறில் இரண்டு தரப்புக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அவருடையது. தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"டாக்டர், நீங்க சொன்ன நாப்பத்திமூணு என் கிட்னியோட அளவு இல்ல. என் வீம்போட அளவு. நாலு தடவை கேன்ல பிடிக்காம கொட்டிட்டேன். இந்தப் பொண்ணு சரியாச் சொல்லிக் குடுத்தா. தப்பு என்னோடது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் சார் கொட்டினீங்க?"

"சம்பந்தி வந்திருந்தார்."

ஒரு நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பி இருமினாள். டாக்டர் மருமகளைப் பார்க்க, அவள் தாளை நீட்டினாள். டாக்டர் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை நானே கவனிச்சிருக்கணும்" என்றார் மெல்ல. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு ரெண்டு மணிக்கு உறுப்பு தானத்துக்கு அனுமதி தர்ற கமிட்டி கூடுது. அதுக்குள்ள சரியான எண் வந்தா வச்சுப் பாப்பேன். தவறினா அடுத்த கூட்டம் ஆறு வாரம் கழிச்சு. உங்க தங்கச்சி கையில டயாலிசிஸுக்கு ஊசி போடற ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டு வருது. ஆறு வாரம் தாங்கும்னு என்னால சொல்ல முடியல."

"இப்பவே ஆரம்பிக்கறேன்."

ஓவர்சியர் நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். "அளவரே அளவுல குறை வச்சுட்டார்னு ஊருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"தெரியட்டும். நீங்களே சொல்லுங்க. உங்க குரல் நல்லா எட்டும்."

பதினொரு மணி பத்து நிமிஷம். மருமகள் புதுக் கேனில் அந்த நேரத்தை எழுதி ஒட்டினாள்.

"இப்ப போயிட்டு வாங்க. இப்ப வர்றதை மட்டும் கொட்டிடுங்க."

"கொட்டக் கூடாதுன்னுதானே இவ்வளவு நேரம் பேசினே?"

"இது இதுக்கு முந்தின நேரத்தோடது மாமா. இதுக்கப்புறம் நாளைக்குப் பதினொண்ணு பத்து வரைக்கும் வர்றது மொத்தமும் கேனுக்கு."

"அப்படிச் சொல்லு. முதல் கல்லு நட்டாத்தான் சங்கிலியை இழுக்க முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேனை ஒரு சிவப்பு வாளியில் வைத்துச் சுற்றிலும் ஐஸ் போட்டுக் கொடுத்தாள். மேலே மூட ஒரு துணிப்பையை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை.

"மூடினா மறுபடி வெக்கம் வந்துடும்" என்றார்.

டயாலிசிஸ் அறையில் தங்கை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கையிலிருந்து இரண்டு சிவப்புக் குழாய்கள் இயந்திரத்துக்குப் போயின. வாளியைக் கீழே வைத்த சத்தத்தில் விழித்தாள்.

"அண்ணா, வாளியோட எங்க கிளம்பிட்டீங்க? ஆஸ்பத்திரியைக் கழுவி விடப் போறீங்களா?"

நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. சம்பந்தி, பேப்பர், மண் மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். தங்கை முதலில் முறைத்தாள். பிறகு அவள் வயிறு குலுங்கியது. பிறகு தோள் குலுங்கியது. இயந்திரம் கீச்சென்று அலறியது. நர்ஸ் ஓடிவந்தாள்.

"கையை ஆட்டாதீங்கம்மா."

"நான் ஆட்டல. எங்கண்ணன் ஆட்டறார்."

அவள் சிரித்து அளவர் பார்த்து எத்தனை மாதமாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கை சொன்னாள்: "என் உயிரை நாலு தடவை பாத்ரூம்ல கொட்டியிருக்கீங்க."

"இனி ஒரு சொட்டு கொட்ட மாட்டேன்."

"எழுதிக் குடுங்க."

"நாளைக்கு லேப்ல எழுதிக் குடுப்பாங்க" என்றார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"பாலா சார்?"

"இல்ல. என் சிறுநீர். பரிசோதனைக்குப் போகுது."

அடுத்த நிறுத்தம் வருவதற்குள் பக்கத்து இருக்கை காலியாகிவிட்டது. எதிர் இருக்கையும் காலியானது. அந்த வழியில் இவ்வளவு வசதியாக அவர் பயணம் செய்ததே இல்லை.

வீட்டில் சம்பந்தி இன்னும் இருந்தார். அதே கூடம், அதே நாற்காலி, அன்றைய பேப்பர். அளவர் உள்ளே போய் வாளியை வைத்தார். அரை மணி கழித்துக் கேனைக் கையில் எடுத்தார். கதவைத் திறந்தார். முப்பத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் பலர் அரிவாளோடு நின்ற வயல்களில் கால் வைத்தவர். இந்தக் கூடத்தைக் கடப்பது அதைவிடக் கடினமாக இருந்தது.

"சம்பந்தி, கொஞ்சம் வழி விடணும். கேனோட போறேன்."

சம்பந்தி பேப்பரைத் தாழ்த்தினார். "தாராளமா. இருபத்து நாலு மணி நேரமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் எனக்கும் எடுத்தாங்களே. நான் கேனைத் தூக்கிக்கிட்டுக் கல்யாணத்துக்கே போனேன். பரிசுப் பொருள்னு நினைச்சு வாசல்ல வாங்கி உள்ள வச்சுட்டாங்க. திருப்பி வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

அளவர் கூடத்தின் நடுவில் அப்படியே நின்றார். பிறகு அவர் சிரித்த சிரிப்பு அடுத்த வீடு வரைக்கும் கேட்டது. அதன் பிறகு எட்டு முறை அந்தக் கூடத்தைக் கடந்தார். ஒவ்வொரு முறையும் சம்பந்தி பேப்பருக்குப் பின்னாலிருந்து எண்ணிக்கை சொன்னார்.

மறுநாள் பதினொன்று பத்துக்கு ஆஸ்பத்திரியில் கடைசி முறையும் கேனில் சேர்ந்தது. மருமகள் அந்த நேரத்தையும் எழுதிக்கொண்டாள்.

"வெளிய உக்காருங்க மாமா."

"கண்ணாடி வழியாப் பாக்கலாமா?"

"பாருங்க."

அவள் வேலை செய்வதை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. ஊசி குத்துகிற வேலை என்றுதான் நினைத்திருந்தார். கேனை இறுக்கி மூடி மெல்லக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள். அடியில் தங்கியது மேலே கலக்க வேண்டும். உயரமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு நின்றபடியே பார்க்கவில்லை. முழங்காலை மடக்கி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக இறக்கி, நீரின் வளைவு எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்தாள். எழுதினாள். மறுபடி குனிந்து சரிபார்த்தாள். பிறகுதான் கொட்டிவிட்டு மீதியை ஊற்றினாள்.

அளவர் கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிக்கொண்டார். வெயிலில் மண்டியிட்டுத் தான் கோடு பார்த்த வயல்கள் நினைவுக்கு வந்தன. வீட்டில் இரண்டு அளவர்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்கு அன்றுதான் உறைத்தது.

"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது மில்லி" என்று வெளியே வந்து சொன்னாள். "போன தடவை எழுநூறு."

"மீதி சம்பந்திக்கு மரியாதை."

சிரித்துக்கொண்டே அவர் புஜத்தில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். முழங்கை மடிப்பில் விரல் வைத்து நரம்பைத் தேடினாள். ரத்தத்தையும் அதே நாளில் ஒப்பிட வேண்டும். ஊசி இறங்கியதே தெரியவில்லை.

"உன் கை நல்ல கை" என்றார். ஆறு வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் பாராட்டு அது. அவள் பட்டையை அவிழ்க்க ஒரு நொடி தாமதமாயிற்று.

ஒரு மணிக்குத் தாள் வந்தது. டாக்டர் அதை அறைக்குள் வைத்துப் படிக்கவில்லை. தாழ்வாரத்துக்கே கொண்டுவந்தார். தங்கையும் கணவரும் அங்கே இருந்தார்கள். தவறாமல் ஓவர்சியரும் இருந்தார்.

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றார் டாக்டர். "கேன்ல ஆயிரத்து நூத்தி எண்பது மில்லிகிராம். ரத்தமும் கேனும் இப்ப ஒண்ணாப் பேசுது. இந்த வயசுல இந்த எண்ணை நான் அடிக்கடி பாக்கறதில்ல சார்."

தங்கையின் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மருமகள் லேப் வாசலிலேயே நின்றாள். அவள் கோட்டுப் பையில் கை இறுகியிருந்தது.

"இந்த எண்ணைக் கண்டுபிடிச்சவ அங்க நிக்கறா" என்றார் அளவர். "எங்க வீட்டு மருமக."

டாக்டர் தாளை எடுத்துக்கொண்டு கமிட்டிக்குப் போனார். மூன்று மணிக்குக் கதவு திறந்தது. "ஒத்துக்கிட்டாங்க" என்ற ஒரே சொல்லோடு வந்தார். அறுவைக்கு அடுத்த செவ்வாய்.

ஓவர்சியர் எழுந்தார். தன் நாற்காலியைக் கையால் துடைத்தார். "உக்காருங்க அளவரே."

"வேண்டாம். நேத்துலேர்ந்து நிறைய உக்காந்து எழுந்தாச்சு."

ஓவர்சியரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் முள் இல்லை.

நர்ஸ் சம்மதப் படிவங்களைக் கொண்டுவந்தாள். அளவர் தன்னுடையதில் கையெழுத்திட்டார். எழுத்து ஒரே நேர்கோட்டில் இறங்கியது. பேனாவைத் தங்கையிடம் நீட்டினார்.

தங்கை வாங்கினாள். காகிதத்தில் வைத்தாள். எழுதவில்லை.

"என்ன?"

"அண்ணா, உங்ககிட்ட ஒரு விஷயத்தை இத்தனை வருஷமா மறைச்சு வச்சிருக்கேன்." கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். "அதைச் சொல்லாம இதுல கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல. கேட்டுட்டு, குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

மருமகள் ஓரடி முன்னால் வந்தாள்.

அளவர் முதல்முறையாக ஓவர்சியர் துடைத்து வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். சாயவில்லை.

"நீ முதல்ல கையெழுத்துப் போடு" என்றார். "அப்புறம் சொல்லு. அதைக் கேட்டு எனக்குக் கோவம் வந்தா, ஒத்தைக் கிட்னியோட கோவப்பட்டுக்கறேன்."